கையிலே பாட்டில்... பையிலே பாஸ்!

"தம்பி, உன்கிட்டே பாஸ் இருக்காமே?"

2020 ஏப்ரல் மாதம். 'சாப்பிட்டியா, சௌக்கியமா' எல்லாம் மலையேறிப் போய் மனுஷனுக்கு மனுஷன் இதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம். என்னிடம் பாஸ் இருந்தது. புதுச்சேரியில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த உபயத்தில், 'அத்தியாவசியப் பணி' என்று சீல் குத்தி ஒரு காகிதம் கிடைத்திருந்தது. பி.காம். படித்தவன் அத்தியாவசியமானவன் என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. (பெண் பார்க்கப் போனபோது இந்தக் காகிதம் கையில் இருந்திருந்தால் மரியாதையே வேறு!)

கூப்பிட்டவர் எங்கள் பிள்ளைச்சாவடிக்காரர். 'அண்ணன்' என்று மட்டும் வைத்துக்கொள்வோம். பெயரும் வேண்டாம், தொழிலும் வேண்டாம், தெருவும் வேண்டாம். கடல் வருஷா வருஷம் கரையை அரித்துக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சின்ன ஊர் இது. இங்கே அரை அடையாளம் சொன்னாலே மீதி அரையை டீக்கடையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"என்ன அண்ணே, காய்கறியா?"

"மாத்திரைப்பா."

"பேரைச் சொல்லுங்க. எங்க முதலாளி கோடவுன்லேயே இருக்கும்."

"அங்கே இருக்காது. நீ நேர்லே வாயேன்."

போனேன். வேப்ப மரத்தடியில் ஆறடி தள்ளி நின்றுகொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். ஏ.ஆர்.டி. மையத்தின் சிகிச்சைப் புத்தகம். மருந்துக் கணக்கு எழுதுகிறவனுக்கு ஏ.ஆர்.டி. என்றால் என்னவென்று தெரியாமல் இருக்குமா? எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆயுசு முழுக்கச் சாப்பிடவேண்டிய கூட்டு மருந்து.

புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்தேன். என்னையறியாமல் கை சட்டைப் பைக்குப் போய் சானிடைசரை எடுத்தது. தேய்த்துக்கொண்டேன். நிமிர்ந்தால், அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் பாக்கெட்டைத் தொட்டாலும் கை கழுவிய காலம் அது. அதனால் அவரும் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

"இருந்த மாத்திரை முந்தாநாளோட தீர்ந்து போச்சு தம்பி" என்றார். "பஸ் இல்லே. சைக்கிள்லே போனேன், பார்டர்லே திருப்பி அனுப்பிட்டான். எதுக்குப் போறேன்னு கேட்டான். சொல்ல முடியலை."

* * *

பார்டர் என்றதும் வாகா எல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர் பூகோளம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை.

பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு எல்லாம் புதுச்சேரி. முத்தியால்பேட்டையில் ஆரம்பிக்கிற டவுனும் புதுச்சேரி. நடுவிலே பொம்மையார்பாளையம், பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரன் வெட்டின கேக் மாதிரி துண்டு துண்டாக விட்டுவிட்டுப் போன ஊர். சாதாரண நாளில் இது ஒரு தமாஷ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு மாநிலத்துக்குள் நுழைந்து வெளியேறிவிடலாம். ஊரடங்கில் அதுவே பாஸ்போர்ட் விவகாரம் ஆகிவிட்டது. புதுச்சேரிக்காரன் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக, தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். இந்த முனையில் ஒரு கட்டை, அந்த முனையில் ஒரு கட்டை.

மறுநாள் காலை பைக்கில் கிளம்பினேன். ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டம் இல்லை. புத்தகத்தைக் காட்டினேன். யார், என்ன உறவு, போன் நம்பர் என்ன என்று கேட்டார்கள். அவருக்கே போன் போட்டு உறுதி செய்துகொண்டார்கள். மூன்று மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்தார்கள். வழக்கமாக மாதா மாதம் வந்து வாங்க வேண்டியது. ஊரடங்கில் யாரும் மருந்தில்லாமல் விட்டுப்போகக் கூடாது என்று, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான 'நாகோ' பல மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தது. நோயாளி வர முடியாவிட்டால் அவர் சார்பில் இன்னொருவர் வாங்கிக்கொள்ளவும் வழி செய்திருந்தார்கள். அந்த இன்னொருவர்தான் அடியேன்.

மூன்று பிளாஸ்டிக் பாட்டில். ஒவ்வொன்றிலும் 30 மாத்திரை. வண்டியில் போட்டுக்கொண்டு வந்தால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் 'கடகட கடகட' என்று பாட்டுக் கச்சேரி.

கோட்டக்குப்பம் கட்டையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். காது கூர்மையானவர்.

"பையிலே என்ன, பாட்டிலா?"

புதுச்சேரி பார்டரில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதுவும் மதுக்கடை எல்லாம் மூடிக் கிடந்த மாதம்! இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் எதையெதையோ ஒளித்து எடுத்துப் போன பாதையில், எனக்கு வாய்த்தது மாத்திரைக் கடத்தல்.

"பாட்டில்தான் ஸார்... மருந்து பாட்டில்."

"என்ன மருந்து?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இவர் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வார். அவர் இன்னொருவரிடம் சொல்வார். எனக்கே அந்தப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்கிற பயம் வந்தது என்பதையும் மறைப்பானேன்? "சத்து மாத்திரை ஸார்" என்று சொல்லி அத்தியாவசியக் காகிதத்தை நீட்டினேன். "சத்து மாத்திரைக்கு இந்த வெயில்லே வரணுமா?" என்று அலுத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அண்ணனிடம் பாட்டிலைக் கொடுத்தபோது அவர் முதலில் செய்த காரியம், மூன்றிலும் கொஞ்சம் பஞ்சைத் திணித்ததுதான். குலுக்கிப் பார்த்தார். சத்தம் இல்லை. லேபிளையும் நகத்தால் கிழித்தெடுத்தார். பழகின கை. பதின்மூன்று வருஷப் பழக்கம்.

எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. சுகர் வந்தவரிடம் 'எத்தனை லட்டு தின்னீங்க?' என்று யாரும் விசாரணைக் கமிஷன் வைப்பதில்லை.

* * *

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல திடகாத்திரமான ஆளையே கொரோனா போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தியைத் தின்கிற கிருமி உடம்பில் குடியிருக்கிற மனுஷன் கதி என்ன? கபசுரக் குடிநீரை ரெண்டு டம்ளர் கூடுதலாகக் குடித்தால் போதுமா?

அதற்கப்புறம் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். அதனால் கணக்காகவே சொல்கிறேன், டாக்டர்கள் மன்னிக்கவும்.

நம் ரத்தத்தில் சி.டி.-4 என்று ஒரு ரக வெள்ளை அணு உண்டு. நோய் எதிர்ப்புப் படைக்குத் தகவல் கொடுக்கிற சூப்பர்வைசர். அதுதான் பேங்க் பாலன்ஸ். ஒரு கன மில்லிமீட்டருக்கு 500-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 200-க்குக் கீழே இறங்கினால் கணக்கு திவாலாகிற நிலை. சாதாரண ஆளிடம் வாலாட்டாத கிருமிகூட அப்போது ஜப்தி பண்ண வந்துவிடும். எச்.ஐ.வி. இந்த பாலன்ஸைத் தினமும் எடுத்துச் செலவழிக்கிற ஊதாரி. ஏ.ஆர்.டி. மாத்திரை ஊதாரியைக் கொல்வதில்லை, அவன் கையிலிருந்து செக் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறது. தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். பாலன்ஸ் மெல்ல ஏறும். கிருமி அந்த அளவுக்குக் குறைந்தே இருந்தால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் செக் புத்தகம் மறுபடி ஊதாரி கையில். விட்டு விட்டுச் சாப்பிட்டால் இன்னும் மோசம். கிருமி அந்த மருந்துக்கே பழகிப்போய் அப்புறம் மசியாது.

இனி கொரோனா. முதலில் வந்த செய்தி ஸ்பெயினிலிருந்து. 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரைக்கும் ஏ.ஆர்.டி. சாப்பிடுகிற 77,590 பேரைக் கவனித்தார்கள். 236 பேருக்குக் கொரோனா உறுதியானது, 20 பேர் இறந்தார்கள். பயந்த அளவுக்கு இல்லையே என்று மூச்சு விட்டார்கள். டெனோஃபோவிர் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் குறைவு என்றுகூட ஒரு குறிப்பு இருந்தது. பிற்பாடு நடந்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. ஆனால் அதற்குள் 'எய்ட்ஸ் மாத்திரை சாப்பிடறவனுக்குக் கொரோனா வராதாம்' என்று வாட்ஸ்அப் பல்கலைக்கழகம் பட்டமே கொடுத்துவிட்டது.

அடுத்தது தென்னாப்பிரிக்கா. அங்கே வெஸ்டர்ன் கேப் மாகாணக் கணக்கில், எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொரோனாவில் இறக்கிற அபாயம் சுமார் இரண்டு மடங்கு என்று வந்தது. வறுமை மாதிரியான காரணங்களை முழுசாகக் கழித்துப் பார்க்க முடியவில்லை, அதனால் இது கொஞ்சம் மிகையாகவும் இருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்களே அடிக்குறிப்பு போட்டார்கள். (அடிக்குறிப்பு போடுகிற ஆடிட்டரை நான் எப்போதும் நம்புவேன்.) 2021 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்ட எச்.ஐ.வி.காரர்களின் விவரத்தைத் திரட்டிப் பார்த்துவிட்டு, வயசையும் மற்ற வியாதிகளையும் கழித்த பிறகும் இறக்கிற வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல் என்றது. அந்தக் கணக்கிலும் பெரும்பாலானவர்கள் தென்னாப்பிரிக்கர்கள்தான்.

ஆக, பயப்படவே வேண்டாம் என்பதும் பொய், அவ்வளவுதான் போச்சு என்பதும் பொய். பாலன்ஸ் 200-க்குக் கீழே இருப்பவருக்கும் மருந்தில்லாமல் கிருமி பெருகியவருக்கும் நிஜமாகவே ஆபத்து. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு பாலன்ஸ் நன்றாக இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல். வயசு, சுகர், பி.பி. இதெல்லாம் மற்றவர்களை மிரட்டுகிற மாதிரியே அவரையும் மிரட்டும். அண்ணனைப் பொறுத்தவரை அந்த ஏப்ரலில் நிஜ வில்லன் கொரோனா இல்லை, கோட்டக்குப்பம் கட்டை!

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் ஒரு கணக்குப் போட்டன. ஆறு மாதம் மருந்து தடைபட்டால் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மட்டும் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் மேலும் 5 லட்சம் பேர் இறக்கலாம் என்றது அந்தக் கணக்கு. நல்ல வேளை, பலிக்கவில்லை. மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தது, வீடு தேடிப் போய்க் கொடுத்தது, இந்த மாதிரி சில்லறை ஏற்பாடுகள் பெரிய காரணம். நம் நாட்டில் 2021 கணக்குப்படி எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் சுமார் 24 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் பாஸ் வைத்திருக்கிற பி.காம். கிடைப்பானா?

* * *

நடுவிலே ஒரு வேடிக்கை. அதே 2020 மார்ச்சில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் கொரோனா வந்த இத்தாலிக்காரர்களுக்கு எச்.ஐ.வி. மருந்தான லோபினாவிர்-ரிட்டோனாவிரைக் கொடுத்தார்கள். செய்தி வந்ததுதான் தாமதம், எங்கள் முதலாளிக்கு போன் மேல் போன். "அந்த எய்ட்ஸ் மாத்திரை ஸ்டாக் இருக்கா?" கேட்டவர்கள் எல்லாம் பெரிய மனுஷர்கள். அண்ணனிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். "பாட்டில்லே லேபிளைக் கிழிக்காம இருந்திருந்தா இன்னைக்கு நான் ஊர்லே பெரிய ஆளு!"

படம் ஓடவில்லை. 2020 ஜூனிலேயே இங்கிலாந்தின் 'ரெகவரி' சோதனை, ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் ரிட்டோனாவிர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 2021 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த 'பாக்ஸ்லோவிட்' மாத்திரையில் துணை நடிகராகத் திரும்பி வந்தது. கூட இருக்கிற மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. கதாநாயகனாக ஊத்திக்கொண்டவர் குணச்சித்திர வேஷத்தில் ஹிட்!

* * *

அண்ணனும் நானும் அதற்கப்புறம் நிறையப் பேச ஆரம்பித்தோம், ஆறடி தள்ளித்தான். ஒரு நாள் சென்னையில் கொரோனா வந்த வீடுகளுக்குத் தகரம் அடிப்பதை டி.வி.யில் காட்டியிருந்தார்கள்.

"பார்த்தியா தம்பி? கிட்ட வராதே, தொடாதே, அவன் குடிச்ச டம்ளரைத் தனியா வை... எனக்கு எங்க வீட்லே பண்ணினதை இப்ப அரசாங்கமே ஊருக்கெல்லாம் பண்ணுது. இந்த விஷயத்துலே நான் சீனியர்."

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தார்கள். 'நம்ம கலாசாரத்துக்கு அதெல்லாம் வராது' என்று நாடே நினைத்திருந்த காலம். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்க ஆரம்பிக்கும் வரைக்கும், தாம்பரம் சானடோரியத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தால் அதிசயம். கிருமி ஒரு பக்கம் கொன்றது, பயம் இன்னொரு பக்கம் கொன்றது. அந்தப் பாடத்தை நாம் எவ்வளவு நன்றாகப் படித்தோம் என்பது 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி தெரிந்தது. கொரோனாவில் இறந்த சென்னை நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லடித்தது. ராத்திரியில் சக டாக்டர் ஒருவரே மண்ணைத் தள்ளி மூடவேண்டி வந்தது.

"அன்னைக்கு நீ கை கழுவினியே..." என்றார் அண்ணன் திடீரென்று.

எனக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "கொரோனாவுக்குத்தாண்ணே..."

"பாதி அதுக்கு" என்றார்.

மறுக்க முடியவில்லை.

* * *

இதற்கு நடுவில் ஒரு பழைய எதிரியை எல்லோரும் மறந்துபோனார்கள். டி.பி.! எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது இதுதான். இருமினாலே கொரோனா என்று ஆனதில், கொரோனா இல்லை என்று ரிசல்ட் வந்ததும் 'அப்பாடா' என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். இருமல் மட்டும் போகவில்லை. இந்தியாவில் 2019-ல் பதிவான டி.பி. நோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020-ல் சுமார் 18 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு ஒரே வருஷத்தில் டி.பி. குணமாகிவிட்டதா என்ன? கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். வரவு குறைந்தால் லாபம் என்று நினைக்கிற கணக்கப்பிள்ளையை யாராவது வேலைக்கு வைத்துக்கொள்வார்களா?

* * *

2021 மார்ச் 1. தடுப்பூசி பொதுமக்களுக்கு வந்தது. 60 வயசு தாண்டியவர்களுக்கு நேரடியாக. 45 முதல் 59 வரை உள்ளவர்கள் குறிப்பிட்ட வியாதி ஏதாவது இருந்தால் போட்டுக்கொள்ளலாம். பட்டியலில் 20 வகை. எச்.ஐ.வி.யும் அதில் உண்டு. அண்ணனுக்கு அப்போது 47. 'நல்லதாப் போச்சு அண்ணே, முன்னாடியே போட்டுக்கலாம்' என்று குதித்தேன்.

அவர் என் செல்போனில் அந்தச் சான்றிதழ் படிவத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். எந்த வியாதி என்று குறித்து டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். தடுப்பூசி மையத்தில் காட்ட வேண்டும்.

"மையத்துலே யார் உட்கார்ந்திருப்பாங்க?"

"நர்ஸ்... அப்புறம் கம்ப்யூட்டர்லே பதிய ஒரு ஆள்..."

"நம்ம ஊர்ப் பிள்ளைங்கதானே?"

நான் பதில் சொல்லவில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டம் அமலில் இருக்கிறது, சம்மதமில்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, வைத்தியம் மறுக்கக் கூடாது என்றெல்லாம் எடுத்து விட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சட்டம் நல்ல சட்டம்தான் தம்பி. ஆனா டீக்கடைக்கு அது தெரியணுமே."

ஏப்ரல் 1-ஆம் தேதி, 45 தாண்டிய எல்லோரும் சான்றிதழ் இல்லாமலே போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது. அதற்காகக் காத்திருந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டார். ஒரு மாதம் தாமதம். சாதாரண மாதமாக இருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் வந்தது இரண்டாவது அலை. மே மாதம், அடுத்த ஊசிக்கு முன்னாலேயே அண்ணனுக்குக் காய்ச்சல். டெஸ்ட் எடுத்தார். பாசிட்டிவ். "இந்த வார்த்தையை வாழ்க்கையிலே ரெண்டாவது தடவையா கேட்கிறேன்" என்று போனில் சொன்னார். சிரிக்கவில்லை.

காய்ச்சல் முகாமுக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். தூரத்தில் புங்க மரத்தடியில் நின்றேன். வெட்டவெளியில் மேஜை போட்டு ஒரு பெண் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசினால் சத்தமாகத்தானே பேச வேண்டும்!

"சுகர் இருக்கா?"

"இல்லே."

"பி.பி.?"

"இல்லே."

"வேற ஏதாவது மாத்திரை ரெகுலரா சாப்பிடறீங்களா?"

வரிசையில் பின்னால் பத்து பேர். அண்ணன் திரும்பி அவர்களைப் பார்த்தார். "இல்லே" என்றார்.

ஒரு காகிதப் பையில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பாராசிட்டமால், வைட்டமின் சி, ஜிங்க். என்னருகே வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்ணே, உயிர் பெரிசா, பேர் பெரிசா?" அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "உனக்கு ரெண்டும் வேற வேற தம்பி" என்றார்.

என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். அதற்குள் அவருக்குப் புது மாத்திரை மாற்றியிருந்தார்கள். (பழையதில் எஃபாவிரென்ஸ் இருந்தது. ராத்திரி முழுக்க சினிமாஸ்கோப்பில் கனவு வருமாம்!) வியாதியின் பெயரை எழுதவில்லை. மருந்தின் பெயரை மட்டும் எழுதினோம். முகாமில் இருந்த டாக்டர் தனியாக நடந்து வந்த நேரம் பார்த்து, அண்ணன் ஆறடி தள்ளி நின்று தாளைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்.

டாக்டர் எடுத்துப் படித்தார். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. (முகக்கவசம் என்பது சில சமயம் நல்ல விஷயம்.)

"தவறாம சாப்பிடறீங்களா?"

"போன வருஷம் ஏப்ரல்லே ரெண்டு நாள் விட்டுப் போச்சு. மத்தபடி பதினாலு வருஷமா ஒரு நாள் விட்டதில்லே."

"கடைசியா சி.டி.-4 எவ்வளவு?"

"ஐந்நூத்திப் பன்னெண்டு."

டாக்டர் தலையை ஆட்டினார். "நல்லா வச்சிருக்கீங்க. இப்பவும் விட்டுடாதீங்க. அந்த ஜிங்க் மாத்திரையை மட்டும் இதோட சேர்த்துப் போடாதீங்க. ஜிங்க், இரும்பு, கால்சியம் எல்லாம் டோலுடெக்ராவிரைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புலே சேர விடாது. அது காலையிலே, இது ராத்திரியிலே. இருமல் ரெண்டு வாரத்துக்கு மேலே நின்னா சளி டெஸ்ட் பண்ணணும். மூச்சு வாங்கினா உடனே வரணும், வந்து இதை மறைக்காம சொல்லணும்."

நான் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரே வெற்றிலை பாக்கு மாதிரி ஜிங்க் மாத்திரையை மென்றுகொண்டிருந்த மாதம் அது. அந்தத் தாள் போகாமல் இருந்திருந்தால், கொரோனாவுக்குக் கொடுத்த மாத்திரையே பதினாலு வருஷக் கணக்கில் கை வைத்திருக்கும்.

அண்ணனுக்கு ஐந்து நாள் காய்ச்சல், பத்து நாள் அசதி, ஒரு மாதம் காப்பி வாசனை தெரியவில்லை. ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மருந்து சரியாக வேலை செய்யாமல் எதிர்ப்பு சக்தி அடிமட்டத்தில் இருந்த ஒரு 36 வயசுப் பெண்மணிக்குக் கொரோனா 216 நாள் உடம்பை விட்டுப் போகவில்லை. அத்தனை நாளும் உள்ளேயே இருந்து 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களை அடைந்தது அந்தக் கிருமி. புது உருமாற்றங்கள் இப்படியும் பிறக்கலாம் என்று விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். வெளியே இருக்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு மாத்திரை போய்ச் சேராவிட்டால் அது அவர் பிரச்னை மட்டும் இல்லை.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், கொரோனா இனி அவசர நிலை இல்லை என்று அறிவித்தது. எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க விரும்புகிறவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் எப்போதும் போல இருக்கிறது. பெயர் சொல்லாமல் கேட்க 1097 என்று இலவச போன் நம்பர் இருக்கிறது. (ஆபீஸ் போனிலிருந்து போடாதீர்கள். ரகசியம் முக்கியம் என்று இவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறேன்!)

போன மாதம் சாயங்காலம் பிள்ளைச்சாவடி ஸ்டாப்பிங்கில் நின்றுகொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து அண்ணன் இறங்கினார், கையில் மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் பையைக் காதருகே தூக்கி ஒரு குலுக்கு குலுக்கினார்.

கடகட கடகட.

"பஞ்சு வைக்கலையா அண்ணே?"

"பஞ்சு தீர்ந்து போச்சு" என்றார், வீட்டைப் பார்க்க நடந்துகொண்டே.